சம்பந்தம் முறித்த சுவர்

செவ்வாய்ப்பேட்டைப் பருத்தி மண்டிக்காரர் பெரியசாமியின் வீட்டு வாசலில் ஒரு தெரு நாய் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் ஹனீப் பாய் நின்றுவிட்டார். கட்சிக்காரர் படியில் நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறார், வழக்கு வீட்டுக்குள் காத்திருக்கிறது, எங்கள் துப்பறிவாளர் நாயைப் பார்க்கிறார்.

"மாரி, இந்தத் தெருவுல மத்த நாயெல்லாம் எப்படி இருக்கு?"

"விலா எலும்பை எண்ணிடலாம் பாய்."

"இது?"

"இதுக்கு எலும்பு இருக்கான்னே சந்தேகமா இருக்கு."

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த 'ம்' எனக்குப் பழக்கம். அது வந்துவிட்டால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். என்ன கிடைத்தது என்பதை மட்டும் கடைசி வரை சொல்ல மாட்டார்.

முகம்மது ஹனீப் பாய் முன்பு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். இன்ஸ்பெக்டர் பிடித்து வந்த ஆள் திருடன் இல்லை என்பதை இன்ஸ்பெக்டரிடமே சொல்லப்போக, வேலை போயிற்று. நான் மாரியப்பன். ஆத்தூர் பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். டிரைவரைவிட அதிகமாகப் பேசுகிறேன் என்று என்னையும் இறக்கிவிட்டார்கள். இப்படி வாயால் கெட்ட இரண்டு பேர் சேர்ந்து நடத்துவதுதான் எங்கள் துப்பறியும் தொழில்.

வழக்கு இதுதான். பெரியசாமிக்கு ராசாத்தி என்று ஒரே மகள். அவளுக்கு வந்த மூன்று சம்பந்தங்களை அவருடைய வீட்டுச் சுவர் முறித்துவிட்டது. கை தவறி எழுதவில்லை, சுவர்தான்.

பெரியசாமி திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். சேலத்துக்கு வந்து பருத்தி வியாபாரத்தில் தழைத்து, போன வருஷம்தான் இந்த மாடி வீட்டைக் கட்டிக் குடிவந்தார். அவர் சொன்னபடி, மூன்று தடவையும் நடந்தது ஒரே மாதிரிதான். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், பெண்ணைப் பார்ப்பார்கள், பேசுவார்கள், இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லிவிடும். சம்மதம் சொன்ன கையோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சகுனம் கேட்பது அவர்கள் வழக்கம். கவுளி, அதாவது பல்லி, நல்ல பக்கம் சொன்னால் மனசுக்குத் திருப்தி. ஆனால் இந்த வீட்டில் அந்த அமைதிக்கு நடுவே கூடத்துச் சுவருக்குள்ளிருந்து டொம், டொக், டொக் என்று இடி விழும். உடனே இரண்டு வீட்டாரும் முகம் கறுத்து எழுந்துவிடுவார்கள்.

"கவுளி சொன்னா நாக்கைச் சப்புக் கொட்டறாப்பல இருக்குமுங்க. இது உலக்கையில இடிக்கறாப்பல இருக்குது. ஊட்டுச் சாமியே வேண்டாங்குதுங்க பாய்."

முதலில் ஈரோட்டு சம்பந்தம் போயிற்று, அப்புறம் நாமக்கல், அப்புறம் மேட்டூர் வாய்க்கால் பக்கம். ஊரில் இப்போது ராசாத்தியைச் 'செவுரு இடிச்ச பொண்ணு' என்றுதான் சொல்கிறார்களாம். புதன்கிழமை ஆத்தூரிலிருந்து ஒரு அரிசி மில்காரர் குடும்பம் வரப்போகிறது. அன்றைக்கும் சுவர் வாயைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அந்த வீட்டுப் படி ஏற மாட்டார்கள். இதைச் சொல்லிவிட்டுப் பெரியசாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் பாவமாகிவிட்டது.

கூடத்துச் சுவரைப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை மஞ்சள், குங்குமம், வேப்பிலை. ஆணி அடித்து வரிசையாக எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள்.

"பொண்ணைவிடச் செவுத்துக்குத்தான் அலங்காரம் ஜாஸ்தி" என்றேன் பாயின் காதில். அவர் என் காலை மிதித்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு காலணாவை எடுத்துச் சுவரை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். பித்தளை டம்ளர் ஒன்றை வாங்கிக் கவிழ்த்து அதில் காதை வைத்துக் கேட்டார். ஓரிடம் வரை கெட்டியான சத்தம். அதற்கப்புறம் ஒரு ஆள் நீளத்துக்கு டப்பாவைத் தட்டுவது போலப் பொள்ளலாகக் கேட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாய் கேட்டதுதான் தாமதம், பெரியசாமியின் முகத்தில் கவலை போய்ப் பெருமை வந்து உட்கார்ந்தது.

முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்தத் தெருவிலேயே அவர்தானாம். தெருவிலிருந்து வரும் குழாயைக் கூடத்துச் சுவருக்குள் புதைத்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடைக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கே ஒரு அமுக்கு குழாய். தலையை அமுக்கினால் தண்ணீர் கொட்டும், கையை எடுத்தால் டக்கென்று தானே நின்றுவிடும். தெருமுனைக் குழாய் மாதிரியே வேண்டும் என்று கேட்டு வாங்கியதாகச் சொன்னார். விருந்தாளிகள் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடக் கூடாதல்லவா?

"விருந்தாளிங்க மட்டும்தான் அதுல கை கழுவுவாங்களா? வீட்டுல இருக்கறவங்க?"

வீட்டுக்காரர்களுக்குக் கொல்லைக் கிணறு இருக்கிறது என்றார் பெரியசாமி. குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது, குளித்தால் சளி பிடிக்கும் என்று அவர் சொன்ன காரணங்கள் நீண்டுகொண்டே போயின. சுருக்கமாகச் சொன்னால், ஆசை ஆசையாகக் கொண்டுவந்த குழாயை வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக மட்டும் வைத்திருந்தார். எங்கள் பஸ் முதலாளியும் இப்படித்தான், புது டயரை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் பழைய டயரில் வண்டியை ஓட்டுவார்.

இனிமேல் பாய் குழாயைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். அவரோ சமையலறைக் கதவருகே நின்றிருந்த பெரியசாமியின் மனைவி அத்தாயியிடம், மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். வழக்கில் மதியச் சாப்பாடு கிடைக்குமா என்று நூல் விடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஒப்புட்டு, பருப்பு, நெய், கத்திரிக்காப் பொரியலுங்க. மூணு தடவையும் எலை போட்டு வெச்சதோட சரி. சகுனம் கெட்டுப்போன ஊட்டுல ஆருங்க கை நனைப்பாங்க? அத்தனையும் நாய்க்குத்தான் போச்சுங்க."

வாசலில் படுத்திருந்த ஆசாமியின் உடம்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

"சம்மதம் சொல்லாம மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கை நனைக்க மாட்டாங்க, இல்லையா?" என்றார் பாய்.

"எப்படிங்க நனைப்பாங்க? முடிவு சொன்னதுக்கப்பறந்தான சோறு."

"அப்ப முடிவு சொன்னதும் சாப்பாடு. சாப்பிடணும்னா கை கழுவணும். உங்க வீட்டுச் சாமி சரியா அந்த ரெண்டுக்கும் நடுவுல பேசுது. சரி, மூணு சம்பந்தத்துக்கும் வந்திருந்து, பசியும் தாங்காத ஆள் யாரு?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியசாமி உடனே தரகர் செங்கோடனுக்கு ஆள் அனுப்பினார்.

செங்கோடன் முடித்துவைத்த கல்யாணங்கள் எத்தனை என்று சேலத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தப் பந்தியில் அவர் எத்தனை இலை பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வந்து சேர்ந்தார். பெண் பார்த்த அன்று நடந்ததை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும் என்றார் பாய். நான் மாப்பிள்ளையின் அப்பாவாக உட்கார்ந்தேன். அத்தாயி கதவோரம் நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் ராசாத்தியும் வந்து நின்றாள்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றேன் மீசையை முறுக்கிக்கொண்டு.

"எங்களுக்கும் சம்மதமுங்க" என்றார் பெரியசாமி, நிஜமாகவே கண் கலங்கி.

எல்லோரும் வாயை மூடினோம். செங்கோடன் மட்டும் எழுந்தார். யாரும் அவரை எழச் சொல்லவில்லை. முடிவு ஆகிவிட்டது என்று காதில் விழுந்ததுமே அவருடைய கால்கள் பழக்கதோஷத்தில் நடையை நோக்கிப் போயின. அமுக்கு குழாயை அமுக்கினார், கையை நனைத்தார், விட்டார்.

டொம். டொக். டொக்.

ஒரு எலுமிச்சம்பழம் அறுந்து விழுந்து கூடத்தில் உருண்டது. அத்தாயி தாலியைப் பிடித்துக்கொண்டாள். பெரியசாமி காதைப் பொத்திக்கொண்டார். நானும் ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தேன், மறைப்பானேன்? செங்கோடன் ஈரக்கையோடு திரும்பி வந்து எங்களைப் பார்த்து, "மறுபடியும் தட்டுதுங்களே" என்றார் அப்பாவியாக. பாய் மட்டும் சுவரையும் பார்க்கவில்லை, தரகரையும் பார்க்கவில்லை. ராசாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயசுப் பெண்ணை இப்படியா பார்ப்பது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டு, வேகமாகப் போகிற பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"பின் சீட்டுக்காரன் முன் சீட்டுக்காரன் முதுகுல இருப்பான். கூடையில முட்டை இருந்தா அன்னிக்குப் பஞ்சாயத்துதான்."

குழாய்க்குள் ஓடுகிற தண்ணீரும் அப்படித்தான் என்றார் பாய். சாதாரணத் திருகு குழாயை மெல்ல மெல்ல மூடினால் தண்ணீரும் மெல்ல நிற்கும். அமுக்கு குழாய் டக்கென்று வாயை மூடிக்கொள்வதால் பின்னால் ஓடிவரும் தண்ணீர் அத்தனையும் வந்து முட்டுகிறது. அந்த அதிர்ச்சியில் குழாய் துள்ளுகிறது. சுவருக்குள் சரியாகப் பிடித்துக் கட்டியிருந்தால் துள்ளினாலும் சத்தம் வராது. கொத்தனார் எங்கோ கட்டாமல் விட்டிருக்கிறார். அதனால் அது செங்கல்லில் போய் இடிக்கிறது.

பெரியசாமிக்கு இது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரமாயிற்று. ஏறியதும் செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"யோவ், உம்பட பசிக்கு எம்புள்ள பொழப்பைக் கெடுத்துப்போட்டியே. ஒரு நிமிசம் பொறுத்தா அந்த வகுறு வெடிச்சா போகும்?"

செங்கோடன் தலை குனிந்தார். ஆனால் அவர் தரகர். எவ்வளவு குனிந்தாலும் நிமிர ஒரு வழி வைத்திருப்பார்.

"மொதல் ரெண்டு தடவை நாந்தானுங்க, ஒத்துக்கறேன். மூணாவது தடவை அந்தக் கொழாய்ப் பக்கமே நான் போகலீங்க. அன்னிக்குச் சஷ்டி. பச்சத்தண்ணி பல்லுல படல. எடத்தை உட்டு அசையாமக் குக்கியிருந்தேன். அன்னிக்கும் தட்டுச்சுங்களே."

பெரியசாமிக்குப் போன பயம் திரும்பி வந்தது. மேட்டூர்க்காரர்களும் அன்றைக்குச் சத்தம் வரும் வரை இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, அது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். அப்படியானால் மூன்றாவது தடவை பேசியது நிஜமாகவே சாமிதானோ? நானும் ஒரு நொடி எலுமிச்சம்பழங்களை மரியாதையோடு பார்த்தேன்.

பாய் அசரவில்லை. தெரு வால்வை மூட வேண்டும், இரும்புக் கடையில் குழாய்க் கொக்கிகளும் ஒரு திருகு குழாயும் வாங்கி வர வேண்டும், தேங்காய் நாரும் வேண்டும் என்று சொல்லிப் பெரியசாமியையும் தரகரையும் கடைக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் தலை மறைந்ததும் நடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே ராசாத்தி அமுக்கு குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது. அத்தாயி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ வேலையாக இருந்தாள்.

"அம்மணி, சத்தம் கேட்டதுக்கப்புறம்தான் எல்லாரும் செவுத்தைப் பார்த்தாங்க. நீ ஒருத்திதான் அதுக்கு முந்தியே பார்த்த" என்றார் பாய், மெல்ல.

ராசாத்தி தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் சொல்லத் தொடங்கிவிட்டாள். நாமக்கல்காரர்கள் எழுந்து போனதற்குப் பிறகு ஒருநாள் இதே இடத்தைக் கழுவும்போது குழாயை அமுக்கிவிட்டிருக்கிறாள். சுவர் தட்டியது. மறுபடி அமுக்கினாள், மறுபடி தட்டியது. எல்லாம் அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சம்பந்தம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம், வாய்க்கால் பாசனத்தில் நிறைய நிலம், தலைக்குச் சாயம். கூடத்தில் சம்மதம் என்று குரல் கேட்டதும் அவள் நடைக்கு வந்தாள், அமுக்கினாள், கையை எடுத்தாள்.

"இதைச் சரி பண்ணிப்போடாதீங்க பாய். பொதங்கெழமை வாரவங்களும் எப்படின்னு எனக்குத் தெரியாது. செவுரு சும்மா இருந்துச்சுன்னா, அப்பா சரின்னு சொல்றதோட முடிஞ்சு போச்சுங்க."

ஊரெல்லாம் சிரித்த அந்தச் சத்தத்தைத் தவிர அவளுக்கு வேறு துணை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சத்தத்தை இப்படியே விட்டால் அவள் பெயர்தான் இன்னும் கெட்டுப்போகும், வேண்டாதவன் ஓடுவது போல வேண்டியவனும் ஓடிவிடுவான் என்றார் பாய். வேண்டியவன் என்று அவர் சொன்னபோது ராசாத்தியின் கை ஒரு கணம் நின்று, பிறகு அதே இடத்தைத் திரும்பத் தேய்த்தது. பாய் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சரி பண்ணித்தான் ஆக வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

சாமான்கள் வந்து சேர்ந்தன. வால்வை மூடிவிட்டுப் பொள்ளலாகக் கேட்ட இடத்தில் உளியை வைத்தேன். பூச்சு விழுந்ததும் உள்ளே ஒரு நீளப் பள்ளம், அதில் குழாய். இரண்டு நுனியிலும் கொக்கி இருந்தது, நடுவில் ஒன்றுகூட இல்லை. விரலால் தள்ளினால் ஆடியது. அடித்து அடித்துக் குழாயின் ஒரு பக்கம் வழவழவென்று மின்னியது, செங்கல்லில் தும்பைப்பூ அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"உங்க ஊட்டுச் சாமி இதானுங்க" என்று பெரியசாமிக்குக் காட்டினேன். அவர் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குழாய்க்கு அடியில் தேங்காய் நாரை மெத்தை மாதிரி வைத்துக் கொக்கிகளை இறுக்கி அடித்தேன். அமுக்கு குழாயைக் கழற்றிவிட்டுத் திருகு குழாயைப் பூட்டினேன். வால்வைத் திறந்ததும் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைச் செங்கோடனிடமே கொடுத்தார் பாய். தரகர் திறந்தார், மூடினார், வேகமாகத் திறந்து வேகமாக மூடினார். சுவர் வாயே திறக்கவில்லை.

பெரியசாமி தலைக்குமேல் கை குவித்தார். புதன்கிழமை ஆத்தூர்க்காரர்களுக்கு நிம்மதியாகச் சம்மதம் சொல்லிவிடுவேன் என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"மூணாவது தடவை ஆருன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே பாய்?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்க கேட்டா அவங்களே சொல்லுவாங்க. இந்தக் கூடத்துல நீங்க சம்மதம் சொன்னீங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொன்னாங்க. செவுரு வேண்டாம்னு சொல்லிச்சு. இந்த வீட்டுல இன்னும் ஒருத்தர் ஒண்ணுமே சொல்லல."

பெரியசாமி விழித்தார். மனைவியைப் பார்த்தார். அத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "கேளுங்க" என்றாள். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்தது.

பருத்தி மண்டியில் நூறு பேருக்கு நடுவே தொண்டை கிழியப் பேசுகிற மனிதர், மகளைப் பார்த்து, "ஏஞ்சாமி, உனக்கு..." என்று தொடங்கிவிட்டு நின்றார். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. ராசாத்தி கதவைவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"மூணாவது தடவை அமுக்குனது நாந்தானுங்கப்பா. எனக்கு அவரு வேண்டாமுங்க."

பெரியசாமியின் முகம் சிவந்தது. செங்கோடன் கூரையில் ஏதோ எழுதியிருப்பது போல மேலே பார்த்தார். நான் உளியைத் துடைத்தேன். பாய் மட்டும் நிதானமாக உட்கார்ந்திருந்தார். வரவிருந்த கோபம் எப்படியோ வராமலே போய்விட்டது. அப்பாவின் குரல் தணிந்து வந்தது. மற்ற இரண்டு பேரையும் அவள் வேண்டாம் என்றுதான் நினைத்தாளா என்று கேட்டார்.

"ஈரோட்டுக்காரங்க போனதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. நாமக்கல்லுல இருந்து வந்தவங்க..." என்று சொல்லி அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மீதியை அழுகை விழுங்கிவிட்டது.

பெரியசாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நாமக்கல்காரர்களை முதலில் எழுந்திருக்கச் சொன்னது அவரேதானாம். அந்தப் பையன் வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தது அவருக்கு இப்போது நினைவு வந்தது.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா சாமி? ஓடிப்போய்க் கையைப் புடிச்சு நிறுத்தியிருப்பனே."

"நீங்க செவுத்தைத்தானுங்கப்பா கேட்டீங்க. என்னையக் கேக்கலீங்களே."

பெரியசாமி செங்கோடன் பக்கம் திரும்பி, அந்த நாமக்கல் பையனுக்கு வேறு இடம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் அமையவில்லை என்றார் தரகர். பெரியசாமி எழுந்தார், ஆத்தூருக்கு ஆள் அனுப்பி வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார், சட்டையை மாட்டிக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பினார்.